'மையர்' என்னும் ஜெர்மானியக் குடும்பப் பெயர்: தோற்றமும் பரவலும்

ஆய்வுச் சுருக்கம்

ஜெர்மன் மொழி வழங்கும் நாடுகளில் மிகப் பரவலாகக் காணப்படும் குடும்பப் பெயர்களுள் ஒன்று 'மையர்'. இலத்தீன் மொழியில் 'பெரியவர்' எனப் பொருள்படும் 'மாயோர்' என்னும் சொல்லிலிருந்து தோன்றிய இது, இடைக்காலத்தில் நிலவுடைமைப் பண்ணையின் மேலாளரைக் குறிக்கும் பதவிப் பெயராக விளங்கியது. பின்னர்க் குடும்பப் பெயராக நிலைபெற்றது. இதனோடு தொடர்பற்ற எபிரேய ஆட்பெயரான 'மெயீர்' என்பதும் பிற்காலத்தில் இதே வடிவத்தில் வந்து கலந்தது. இப்பெயரின் சொல்வரலாறு, சமூகப் பின்புலம், எழுத்து வேறுபாடுகள், பரவல் ஆகியவற்றை ஆராயும் இக்கட்டுரை, குடும்பப் பெயரைக் கொண்டு ஒருவரின் குருதி வழியையோ சமயத்தையோ உறுதிசெய்ய இயலுமா என்னும் வினாவுக்கு விடை காண முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: குடும்பப் பெயர், பெயராய்வு, மையர், பண்ணை மேலாண்மை, எழுத்து வேறுபாடு, யூதப் பெயரிடல், புலப்பெயர்வு.

முன்னுரை

பெயர் ஒருவரை அடையாளப்படுத்துவதோடு, அவர் வாழும் சமூகத்தின் வரலாற்றையும் தன்னுள் பொதிந்து வைத்திருக்கிறது. ஜெர்மானியக் குடும்பப் பெயர்களை அறிஞர்கள் ஐந்து வகையாகப் பகுப்பர்: தந்தை முதலியோரின் ஆட்பெயரால் அமைந்தவை, பிறந்த ஊரால் அமைந்தவை, குடியிருந்த இடத்தின் இயல்பால் அமைந்தவை, தொழில் அல்லது பதவியால் அமைந்தவை, உடல் அல்லது குண இயல்பால் அமைந்தவை என்பன அவை. மையர் என்பது நான்காம் வகையைச் சார்ந்தது. ஆயினும் அதன் வரலாறு அவ்வகைப்பாட்டிற்குள் முழுமையாக அடங்குவதன்று.

குடும்ப வரலாறு தேடுவோரிடம் மூன்று கருத்துகள் இயல்பாகவே காணப்படுகின்றன. ஒரே குடும்பப் பெயரை உடையோர் ஒரே மூதாதையின் வழிவந்தோர் என்பது முதலாவது. எழுத்து வேறுபட்டால் குடும்பமும் வேறு என்பது இரண்டாவது. குடும்பப் பெயர் ஒருவரின் இனத்தையும் சமயத்தையும் காட்டும் என்பது மூன்றாவது. மையர் என்னும் பெயரை முன்வைத்து இம்மூன்றையும் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழில் இப்பெயரை எழுதுவது குறித்து இங்கு ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. உரோமன் எழுத்தில் இப்பெயரின் முதல் அசையிலுள்ள உயிரொலி நான்கு விதமாக எழுதப்படுகிறது. நான்கின் ஒலிப்பும் ஒன்றே. எனவே தமிழ் எழுத்தில் அவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. இக்கட்டுரையில் அவ்வடிவங்கள் அவற்றிலுள்ள இரண்டு எழுத்துகளின் பெயரால் ஈ-ஐ வடிவம், ஈ-ஒய் வடிவம், ஏ-ஐ வடிவம், ஏ-ஒய் வடிவம் எனச் சுட்டப்படுகின்றன.

சொல்லின் வேர்

'மாயோர்' என்பது 'பெரிய' என்னும் பொருள் தரும் இலத்தீன் சொல்லின் ஒப்பீட்டு வடிவமாகும். 'மேலும் பெரிய', 'மூத்த' என்பது அதன் பொருள். பிராங்கியப் பேரரசில் இச்சொல் பதவிப் பெயராக வழங்கியது. அரண்மனையின் தலைமை அலுவலர் 'அரண்மனை மாயோர்' எனப்பட்டார். மெரோவிஞ்சிய மன்னர்களின் இறுதிக் காலத்தில் உண்மையான ஆட்சியதிகாரம் இவ்வலுவலர்களின் கையிலேயே இருந்தது. 732-ஆம் ஆண்டுப் போரில் வென்ற சார்லஸ் மார்ட்டெல் இப்பதவியில் இருந்தவர். அவருடைய மகன் பெப்பின் 751-இல் தாமே மன்னரானார்.

அரண்மனைக்கு ஒரு மாயோர் இருந்தது போலவே, சிற்றூர்ப் பண்ணைக்கும் ஒரு மாயோர் இருந்தார். இக்கீழ்நிலைப் பதவியே குடும்பப் பெயருக்கு மூலமாயிற்று. இலத்தீன் சொல் பழைய உயர் ஜெர்மன் மொழியில் கடன்சொல்லாக நுழைந்து, இடைக்கால உயர் ஜெர்மன் மொழியில் 'மையர்' என வடிவம் பெற்றது.

இதே சொல் பிரெஞ்சு மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் 'மேர்' என்றாயிற்று. அதன் வழியே ஆங்கிலத்தில் 'மேயர்' என்றாயிற்று. 1688-இல் சென்னை மாநகராட்சி நிறுவப்பட்டபோது அப்பதவிப் பெயர் இங்கும் வந்து சேர்ந்தது. படைத்துறைப் பதவியையும் சட்டப்படி வயது நிறைந்தவரையும் குறிக்கத் தமிழில் வழங்கும் 'மேஜர்' என்னும் சொல்லும் இதே இலத்தீன் மூலத்தைச் சார்ந்ததே. ஆகவே ஜெர்மானியச் சிற்றூர்ப் பண்ணையின் மையரும் சென்னை நகரின் மேயரும் சொல்லளவில் உடன்பிறந்தோர் ஆவர். ஒன்று குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. மற்றொன்று இன்றும் பதவிப் பெயராகவே இருக்கிறது.

பண்ணை மேலாளரின் சமூக நிலை

இடைக்கால ஐரோப்பாவில் மன்னர், மடாலயம், உயர்குடியினர் ஆகியோரின் நிலங்கள் பல ஊர்களில் சிதறிக் கிடந்தன. உரிமையாளர் அவற்றை நேரில் மேற்பார்வையிட இயலாது. எனவே ஒவ்வொரு பகுதியிலும் ஒரு தலைமைப் பண்ணை அமைக்கப்பட்டது. சுற்றியுள்ள குடியானவர் அதற்கு உழைப்பும் விளைபொருளும் செலுத்தக் கடமைப்பட்டிருந்தனர். அத்தலைமைப் பண்ணையில் குடியிருந்து அதன் நிலத்தைப் பயிரிட்டவரும், குடியானவரிடமிருந்து செலுத்த வேண்டியவற்றைத் திரட்டியவரும், சிறு வழக்குகளை விசாரித்தவரும் மையர் ஆவார்.

கி.பி. 800-ஐ ஒட்டிய காலத்தில் சார்லமேன் ஆட்சியில் வெளியிடப்பட்ட அரச பண்ணைகளுக்கான ஆணை இப்பதவி பற்றிய இரண்டு விதிகளைத் தருகிறது. ஒரு மையரின் பொறுப்பிலுள்ள பகுதி, அவர் ஒரே நாளில் சுற்றிப் பார்க்கக்கூடிய அளவினதாகவே இருக்க வேண்டும் என்பது ஒன்று. செல்வாக்கு மிக்கவர்களை இப்பதவியில் அமர்த்தாமல் நம்பிக்கைக்குரிய நடுத்தர நிலையினரையே அமர்த்த வேண்டும் என்பது மற்றொன்று. மையர் தன் அளவை மீறி வளர்ந்துவிடுவார் என்னும் அச்சம் தொடக்கத்திலேயே இருந்ததை இரண்டாம் விதி காட்டுகிறது.

அவ்வச்சம் பொய்க்கவில்லை. சுவிட்சர்லாந்தின் செயின்ட் காலன் மடாலய வரலாற்றை எழுதிய நான்காம் எக்கெஹார்ட் என்னும் 11-ஆம் நூற்றாண்டுத் துறவி, மடாலயத்தின் ஊர்ப்புற மையர்கள் பளபளக்கும் கேடயங்களையும் ஆயுதங்களையும் ஏந்தி உயர்குடியினரைப் போல நடக்கத் தொடங்கிவிட்டதைக் குறைகூறுகிறார். பணியாளராக அமர்த்தப்பட்டவர்கள் பதவியைத் தம் மக்களுக்கு உரியதாக்க முயன்றனர். 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் பல நில உரிமையாளர்கள் இம்மேலாண்மை முறையையே கைவிட்டு, பண்ணைகளைக் குத்தகைக்கு விட்டதற்கு இது முக்கியக் காரணங்களுள் ஒன்று.

இம்மாற்றத்தால் 'மையர்' என்னும் சொல்லின் பொருளும் மாறியது. மேலாளரைக் குறித்த சொல், பெரிய பண்ணையைக் குத்தகைக்கு எடுத்துப் பயிரிடும் குடியானவரைக் குறிக்கலாயிற்று. இன்றைய லோயர் சாக்சனிப் பகுதியில் இக்குத்தகை உரிமை 'மையர் உரிமை' என்றே வழங்கப்பட்டது. 13-ஆம் நூற்றாண்டில் வெர்னர் என்னும் கவிஞர் இயற்றிய 'மையர் ஹெல்ம்பிரெக்ட்' என்னும் கதைப்பாடல், உழவுத் தொழிலை இழிவாகக் கருதிக் கொள்ளையரோடு சேர்ந்து அழியும் ஒரு செல்வக் குடியானவர் மகனைப் பற்றியது. அக்கதையில் மையர் என்பது நிலத்தில் உழைத்து வாழும் வளமான உழவரைக் குறிக்கிறது.

பதவிப் பெயர் குடும்பப் பெயரானமை

12-ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மன் மொழி பேசுவோர் பெரும்பாலும் ஒற்றைப் பெயரையே கொண்டிருந்தனர். மக்கள்தொகை பெருகி, நகரங்கள் வளர்ந்து, எழுத்து ஆவணங்கள் மிகுந்தபோது ஒரே பெயருடைய பலரை வேறுபடுத்த இரண்டாம் பெயர் தேவைப்பட்டது. மேற்கிலும் தெற்கிலும் உள்ள நகரங்களில் முதலில் தோன்றிய இவ்வழக்கம் படிப்படியாக வடக்கிற்கும் சிற்றூர்களுக்கும் பரவியது.

இச்சூழலில், ஓர் ஊரில் 'கொன்ராட்' என்னும் பெயருடையோர் மூவர் இருப்பின், தலைமைப் பண்ணையில் வாழ்ந்தவர் 'மையர் கொன்ராட்' எனச் சுட்டப்பட்டார். பண்ணை அவர் மகனுக்குச் சென்றபோது பெயரும் சென்றது. காலப்போக்கில் பண்ணையை விட்டு வெளியேறி நகரில் தச்சராகவோ வணிகராகவோ வாழ்ந்த இளைய மகனும் அப்பெயரை உடன் கொண்டு சென்றார். அப்போது அது பதவியைக் குறிப்பதை விட்டுக் குடும்பப் பெயராயிற்று.

நில உரிமையாளரின் பண்ணை இருந்த இடமெல்லாம் ஒரு மையர் இருந்தார். எனவே இப்பெயர் ஒரே இடத்தில் தோன்றி எங்கும் பரவியதன்று. பல இடங்களில், பல காலங்களில், ஒன்றோடொன்று தொடர்பின்றித் தனித்தனியே தோன்றியதாகும். இதனால்தான் மையர் பெயருடைய இருவரிடையே உறவு இருப்பதாகக் கொள்ள, பெயர் ஒன்றாயிருப்பது மட்டும் போதிய சான்றாகாது.

ஓர் ஊரில் பல மையர்கள் இருந்தபோது அடைமொழிகள் சேர்ந்தன. பண்ணை இரண்டாகப் பிரிந்தால் மேட்டுப் பகுதியில் இருந்தவர் 'ஓபர்மையர்', தாழ்ந்த பகுதியில் இருந்தவர் 'நீடர்மையர்' எனப்பட்டனர். தேவாலயத்தை அடுத்திருந்தவர் 'கிர்ஷ்மையர்' ஆனார். வடபகுதி வழக்கில் புதிய பண்ணைக்குரியவர் 'நீமையர்' எனப்பட்டார். இத்தகைய கூட்டுப் பெயர்கள் மிகப் பல.

பண்ணையைத் தொடர்ந்த பெயர்

வடமேற்கு ஜெர்மனியில், சிறப்பாக வெஸ்ட்ஃபாலியா, லிப்பே பகுதிகளில் நிலவிய ஒரு வழக்கம் இங்குத் தனிக்கவனம் பெறத்தக்கது. அங்குக் குடும்பப் பெயர் மனிதரைச் சார்ந்ததாக அன்றிப் பண்ணையைச் சார்ந்ததாகக் கருதப்பட்டது. ஆண் வாரிசு இல்லாத மையர் பண்ணைக்கு மகளை மணந்து வந்த மருமகன் தன் பிறப்புப் பெயரை விட்டுப் பண்ணையின் பெயரை ஏற்றார். பண்ணை வேறொருவர் கைக்கு மாறினாலும் புதியவர் அப்பெயராலேயே அழைக்கப்பட்டார்.

இவ்வழக்கத்தின் விளைவு எளிதில் உணரத்தக்கது. ஒரு பண்ணையில் பல தலைமுறைகளாக 'மையர்' என்னும் பெயர் தொடர்ந்து பதிவாகியிருக்கலாம். ஆனால் அத்தலைமுறைகளிடையே தந்தைவழித் தொடர்பு அறுபட்டிருக்கலாம். மறுபுறம், ஒரே தாய் தந்தையர்க்குப் பிறந்த சகோதரர் இருவர் வெவ்வேறு பண்ணைகளில் மணம் முடித்து வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு வாழ்ந்திருக்கலாம். இங்குப் பெயர் காட்டுவது குருதி வழியை அன்று, நிலத்தின் தொடர்ச்சியையே. முன்னுரையில் குறிப்பிட்ட முதற்கருத்து இதனால் வலுவிழக்கிறது.

எழுத்து வேறுபாடுகள்

இப்பெயரின் நான்கு முதன்மை வடிவங்களும் நிலவியல் அடிப்படையில் ஓரளவு பிரிந்து காணப்படுகின்றன. ஈ-ஒய் வடிவம் வடஜெர்மனியில், சிறப்பாக லோயர் சாக்சனியில் செறிந்துள்ளது. சுவிட்சர்லாந்திலும் பிரான்சின் அல்சாஸ் பகுதியிலும் மிகுதி. ஏ-ஐ வடிவமும் ஏ-ஒய் வடிவமும் தெற்கில் சுவாபியா, பவேரியா ஆகியவற்றிலும், ஏ-ஒய் வடிவம் ஆஸ்திரியாவிலும் மிகுந்துள்ளன. ஈற்றிலுள்ள உயிரெழுத்து நீங்கிய குறுகிய வடிவமும் பவேரிய சுவாபியா, ஆஸ்திரியா, தென் டிரோல் பகுதிகளில் வழங்குகிறது. கொன்ராட் குன்ஸே, டமாரிஸ் நியூப்லிங் ஆகியோரின் தலைமையில் 2009 முதல் 2018 வரை ஏழு தொகுதிகளாக வெளிவந்த ஜெர்மானியக் குடும்பப் பெயர் நிலப்பட நூல், 2005-ஆம் ஆண்டுத் தொலைபேசி இணைப்புத் தரவுகளைக் கொண்டு இத்தகைய பரவல்களை வரைபடமாக்கியுள்ளது.

இவ்வேறுபாட்டிற்கு மொழியியல் காரணம் உண்டு. இடைக்காலத்தின் இறுதியில் ஜெர்மன் மொழியில் ஒரு நெட்டுயிர் இணையுயிராக மாறி, பழைய இணையுயிரோடு எழுத்தில் கலக்கும் நிலை ஏற்பட்டது. பவேரிய, சுவாபியப் பேச்சில் இரண்டும் வேறுபட்டே ஒலித்தன. எனவே அப்பகுதி எழுத்தர்கள் பழைய ஒலிக்கு ஏ-ஐ என்றும் புதிய ஒலிக்கு ஈ-ஐ என்றும் எழுதினர். மையர் என்னும் சொல்லில் இருப்பது பழைய ஒலி. ஆகவே தெற்கில் அது ஏ-யோடு எழுதப்பட்டது. 'ஒய்' எழுத்தோ அக்கால எழுத்தர்களின் பொது வழக்கம். 'இருத்தல்' என்னும் பொருளுடைய வினைச்சொல்கூட 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை 'ஒய்' எழுத்தோடு எழுதப்பட்டது. பொதுச் சொற்களில் அவ்வழக்கம் மறைந்த பின்னும் குடும்பப் பெயர்களில் தங்கிவிட்டது.

சட்டம் தலையிடும் வரை எழுத்து நிலையற்றே இருந்தது. ஞானஸ்நானம், திருமணம், இறப்பு ஆகியவற்றைப் பதிவுசெய்த பாதிரியார் தாம் கேட்டவாறும் தமக்குப் பழகியவாறும் எழுதினார். ஒருவர் பிறந்தபோது ஒரு வடிவிலும் மணந்தபோது வேறு வடிவிலும் பதிவாவது இயல்பே. 1875 பிப்ரவரி 6-ஆம் நாள் இயற்றப்பட்டு, 1876 ஜனவரி 1 முதல் ஜெர்மானியப் பேரரசு முழுவதும் நடைமுறைக்கு வந்த குடிமைப் பதிவுச் சட்டம், அரசுப் பதிவாளரிடம் பதிவுசெய்வதைக் கட்டாயமாக்கியது. அன்று ஏட்டில் எழுதப்பட்ட வடிவமே பின்னர் மாற்ற இயலாத சட்டப் பெயராயிற்று. 1901-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்த மாநாடு பொதுச்சொற்களின் எழுத்தை ஒழுங்குபடுத்தியபோதும் குடும்பப் பெயர்கள் தொடப்படவில்லை.

எனவே எழுத்து வேறுபாடு பெயர் பதிவான பகுதியையும் பதிவுசெய்தவரின் பழக்கத்தையும் அறிய உதவுமேயன்றிக் குடும்ப வேறுபாட்டை நிறுவாது. இரண்டாம் கருத்தும் இவ்வாறு தளர்கிறது.

மற்றொரு வேர்: மெயீர்

எபிரேய மொழியில் 'மெயீர்' என்பது 'ஒளி தருபவர்' எனப் பொருள்படும் ஆட்பெயர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யூதச் சட்ட அறிஞர் ரபி மெயீர் இப்பெயருக்குப் பெருமை சேர்த்தவர். 13-ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய யூதரின் தலைசிறந்த அறிஞராக விளங்கிய ரோத்தன்பர்க் ரபி மெயீர் சிறைப்பட்ட நிலையிலேயே 1293-இல் இறந்தார். ஜெர்மன் சொல்லோடு ஒலியால் நெருங்கியிருந்தமையால் இவ்வாட்பெயர் ஜெர்மன் எழுத்தில் 'மையர்' என்றே எழுதப்பட்டது.

யூதரிடையே தந்தை பெயரைத் தம் பெயரோடு சேர்ப்பதே நெடுங்கால வழக்கம். பிராங்பர்ட் நகர வங்கியாளர் மையர் அம்ஷெல் ரோத்ஷில்ட் (1744–1812) என்பாருக்கு மையர் என்பது குடும்பப் பெயரன்று, ஆட்பெயர். அவருடைய ஐந்து மகன்களும் அதனைத் தம் பெயரின் இரண்டாம் உறுப்பாகக் கொண்டனர். மாறாத குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கிய ஆணைகள் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கின. ஹாப்ஸ்பர்க் ஆட்சிப் பகுதிகளில் இரண்டாம் ஜோசப் 1787-இலும், பிரெஞ்சுப் பேரரசில் நெப்போலியன் 1808-இலும், பிரஷ்யா 1812-இலும், பவேரியா 1813-இலும் இத்தகைய ஆணைகளைப் பிறப்பித்தன. அப்போது மெயீர் என்னும் தந்தையையோ பாட்டனையோ உடைய பலர் மையர் என்பதையே குடும்பப் பெயராகப் பதிந்தனர்.

'யாக்கோப் லீப்மன் பேர்' என்னும் பெயரோடு 1791-இல் பிறந்த இசையமைப்பாளர், தாய்வழிப் பாட்டனாரின் பெயரிலிருந்த 'மையர்' என்பதைத் தம் குடும்பப் பெயரோடு இணைத்து 'மையர்பேர்' ஆனார். ஓர் ஆட்பெயர் குடும்பப் பெயராக மாறும் நிகழ்வை இங்கு ஒரே மனிதரின் வாழ்விலேயே காண முடிகிறது.

பெயரும் இன அடையாளமும்

இவ்வாறு இரு வேர்கள் ஒரே வடிவில் கலந்ததால், மையர் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அவர் கிறித்தவ உழவர் மரபினரா யூத மரபினரா எனக் கூற இயலாது. ஆற்றல் அழியாமைக் கொள்கையை முன்வைத்த ராபர்ட் மையர் (1814–1878), தனிமங்களை அட்டவணைப்படுத்திய லோத்தர் மையர் (1830–1895), சூரிச் நகர எழுத்தாளர் கொன்ராட் ஃபெர்டினாண்ட் மையர் (1825–1898) ஆகியோர் கிறித்தவக் குடும்பத்தினர். அவ்வூரில் கொன்ராட் மையர் என்னும் பெயரில் வேறோர் எழுத்தாளரும் இருந்தமையால், தம்மை வேறுபடுத்தத் தந்தையின் பெயரான ஃபெர்டினாண்டை இவர் இடையில் சேர்த்துக்கொண்டார். பெயரின் பெருக்கத்திற்கு இதுவே தக்க சான்று.

நாஜி ஆட்சி மனிதரைப் பிறப்பால் பிரிக்க முனைந்தபோது பெயர்களின் இக்கலப்பு அதற்குத் தடையாயிற்று. 1938 ஆகஸ்ட் 17-ஆம் நாள் வெளியிடப்பட்ட ஆணை, அரசு வகுத்த பட்டியலில் உள்ள முதற்பெயர் இல்லாத யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்பதையும் பெண்கள் 'சாரா' என்பதையும் 1939 ஜனவரி 1 முதல் தம் பெயரோடு சேர்க்க வேண்டும் என விதித்தது. 1938 அக்டோபரில் யூதர்களின் கடவுச்சீட்டுகளில் சிவப்பு எழுத்து முத்திரையும் இடப்பட்டது. குடும்பப் பெயரே இனத்தைத் தெளிவாகக் காட்டியிருப்பின் இவற்றுக்குத் தேவை எழுந்திராது. பல நூற்றாண்டுகளாக அண்டை வீட்டாராய் வாழ்ந்தோர் பகிர்ந்துகொண்ட பெயரில் வேறுபாடு காண இயலாததால், வேறுபாட்டைச் செயற்கையாகப் புகுத்த வேண்டியதாயிற்று எனக் கொள்வது பொருந்தும். அவ்வாறு புகுத்தப்பட்ட அடையாளம் நாடு கடத்தலுக்கும் கொலைக்கும் வழிவகுத்த நடைமுறையின் ஒரு படியாக அமைந்தது. மூன்றாம் கருத்து அறிவளவில் பிழையானது என்பதோடு, அதிகாரத்தின் கையில் சேரும்போது எத்துணைக் கொடியது என்பதையும் இது உணர்த்துகிறது.

கடல் கடந்த பரவல்

19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் மொழிப் பகுதிகளிலிருந்து பல இலட்சம் மக்கள் அமெரிக்கக் கண்டங்களுக்குக் குடிபெயர்ந்தனர். அவர்களோடு மையர் என்னும் பெயரும் சென்றது. பிரேசில் நாட்டுக் கட்டடக்கலைஞர் ஆஸ்கர் நீமையர் (1907–2012) பெயரில், வடஜெர்மனியின் 'புதிய பண்ணை' இன்றும் வாழ்கிறது. 1933-இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழை வாங்கிய யூஜின் மையர், அல்சாஸ் பகுதியிலிருந்து சென்ற யூதக் குடும்பத்தில் தோன்றியவர். மெட்ரோ-கோல்ட்வின்-மேயர் திரைப்பட நிறுவனத்தின் பெயரிலுள்ள லூயிஸ் பி. மேயர் ரஷ்யப் பேரரசில் பிறந்த யூதர். அவரது பெயருக்கு மூலம் பண்ணை மேலாளர் அல்லர், எபிரேய மெயீரே.

திருமணமும் பெயரைக் கொண்டு சென்றது. 1963-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மரியா கோப்பர்ட் மையர் ஜெர்மானியப் பேரரசில் பிறந்தவராயினும் 'மையர்' என்பது அவர் மணந்த அமெரிக்க வேதியியலாளரின் பெயர். ஜெர்மன் மொழிப் பகுதியிலிருந்து அமெரிக்கா சென்ற பெயர் அங்கிருந்து மீண்டு வந்து ஒரு ஜெர்மானியப் பெண்ணைச் சேர்ந்தது எனலாம்.

இஸ்ரேலின் பிரதமராக விளங்கிய கோல்டா மெயிர் வரலாறு மேலும் நோக்கத்தக்கது. கீவ் நகரில் மபோவிச் குடும்பத்தில் பிறந்த அவர், திருமணத்தால் 'மையர்சன்' ஆனார். 'மையரின் மகன்' என்பது அதன் பொருள். 1956-இல் வெளியுறவு அமைச்சரானபோது அப்பெயரை எபிரேய வடிவில் 'மெயிர்' என மாற்றிக்கொண்டார். ஜெர்மன் எழுத்தில் கலந்து மறைந்த பழைய வேர் இவ்வாறு மீண்டும் வெளிப்பட்டது.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

மையர் என்னும் குடும்பப் பெயர் பண்ணை மேலாளரைக் குறித்த இலத்தீன் பதவிப் பெயரிலிருந்து பல இடங்களில் தனித்தனியே தோன்றியது. எனவே பெயரொற்றுமை உறவுக்குச் சான்றாகாது. வடமேற்கு ஜெர்மனியில் அது பண்ணையோடு கைமாறியதால், பெயர்த் தொடர்ச்சிகூடக் குருதித் தொடர்ச்சிக்குச் சான்றாகாது.

எழுத்து வடிவங்கள் வட்டார ஒலிப்பாலும் எழுத்தர் வழக்காலும் தோன்றி, 1876-க்குப் பின்னர்ச் சட்டத்தால் உறைந்தவை. அவை குடும்பங்களைப் பிரிப்பனவல்ல.

எபிரேய ஆட்பெயரும் இலத்தீன் பதவிப் பெயரும் ஒரு வடிவில் கலந்தமையால் இப்பெயர் சமயத்தையோ இனத்தையோ காட்டுவதில்லை. 1938-ஆம் ஆண்டு ஆணையே இதற்கு மறைமுகச் சான்றாக நிற்கிறது.

ஒரு பெயரின் வரலாற்றை ஆராய்வோர் அப்பெயர் பதிவான ஊர், காலம், பதிவுசெய்தவர், பதிவின் தேவை ஆகிய நான்கையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். பெயர் ஒன்றை மட்டும் கொண்டு மனிதரை வகைப்படுத்துவது ஆய்வாகாது என்பதே இப்பெயர் உணர்த்தும் பாடமாகும்.